பார்மட் அடிக்கும் முன் நாடி பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் ஐந்து நிமிடம் உங்களைப் பிடித்து வைப்பேனே, அந்தப் பழக்கம் ஓய்வு பெற்றும் போகவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் லேப்டாப் பற்றியது. அதற்கு முன் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். தப்பு என்னுடையது.

2013-ல் பிளஸ் டூ முடித்த என் மாணவர் ஒருவர். இப்போது சென்னைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுங்க சார், பேரு மட்டும் வேண்டாம்" என்றார். 2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அதில் வந்த லேப்டாப்தான் அவருடையது. அந்த வீட்டுக்குள் நுழைந்த முதல் கம்ப்யூட்டர். கல்லூரி முடித்ததும் அதில், வேலைக்கு விண்ணப்பம் போட்டதும் அதில். பதினோரு வருஷம் உழைத்த மெஷின். அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது. மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் மழை. நம் மாவட்டம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். கரண்ட் வருவதும் போவதுமாகப் பல நாள். அவருடைய லேப்டாப்பில் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, சார்ஜர் வயரில்தான் ஓடும். கரண்ட் போனால் லேப்டாப்பும் பொத்தென்று அணையும். அப்படி எத்தனை முறை அணைந்ததோ.

பொங்கலுக்கு முன்னால் போன் செய்தார். "சார், லேப்டாப் ரொம்ப ஸ்லோவா இருக்கு. ஆன் ஆக பத்து நிமிஷம் ஆகுது. ஒரு போல்டரைத் திறந்தா அப்படியே நிக்குது."

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாப்பிட்டபடியே சொன்னேன்: "பழசாயிடுச்சுப்பா. கடையில கொடுத்து பார்மட் அடிச்சுடு. புதுசு மாதிரி ஓடும்."

ஒரு கேள்வி கேட்கவில்லை. முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியவன், காரணம் கேட்காமல் தீர்வு சொன்னேன். வகுப்பில் ஒரு பையன் அப்படி விடை எழுதியிருந்தால் சுழித்திருப்பேன்.

அவருக்கு லீவு இல்லை. அப்பாதான் லேப்டாப்பைப் பையில் போட்டு விழுப்புரத்துக்கு பஸ்ஸில் எடுத்துப் போனார். கடைத் தம்பி கேட்டிருக்கிறார்: "ஐயா, டேட்டா ஏதாவது வேணுமா? சி டிரைவ் மட்டும்தான் போகும், டி அப்படியே இருக்கும்." அப்பா "அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா, நல்லா ஓடினா போதும்" என்று சொல்லிவிட்டார். டேட்டா என்றால் செல்போனில் போடுகிற நெட் கார்டு என்று நினைத்தாராம். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா?

டெஸ்க்டாப்பில், அதாவது கம்ப்யூட்டரைத் திறந்ததும் எதிரே தெரிகிற திரையிலேயே, ஒரு போல்டர் இருந்தது. பேர் "அம்மா". டெஸ்க்டாப்பில் இருப்பது எல்லாம் சி டிரைவில்தான் இருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் அம்மா 2021 மே மாதம் கொரோனாவில் போய்விட்டார். அந்த போல்டரில் போட்டோக்களும் ஒரு வீடியோவும் இருந்தன. நடவு வயலில் நின்று, "என்னடா படம் புடிக்கிற, போய் சாப்புடு" என்று அம்மா திட்டுகிற வீடியோ. போனில் இடம் இல்லை என்று லேப்டாப்புக்கு மாற்றினார். அப்புறம் அந்தப் போனும் போய்விட்டது. அம்மாவின் குரல் இருந்த ஒரே இடம் அதுதான்.

லேப்டாப் திரும்பி வந்தது. புதுசு மாதிரிதான் ஓடியது. போல்டர் மட்டும் இல்லை.

அழிந்த பைல்களை மீட்கும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தார். பேர் எல்லாம் போய், வெறும் எண்களோடு கொஞ்சம் போட்டோ வந்தது. பாதிப் படங்களில் கீழ்ப்பாதி சாம்பல் நிறம். வீடியோ பைல் வந்தது, திறக்கவில்லை. மென்பொருளை ஓட்ட ஓட்ட உள்ளே டிக் டிக் என்று சத்தம். நான்காம் நாள் ஹார்டு டிஸ்க்கையே லேப்டாப் அடையாளம் காணவில்லை.

"பரவாயில்ல சார், விடுங்க" என்று என்னிடம் சொன்னார். அந்த "பரவாயில்ல" இன்னும் என் காதில் இருக்கிறது.

பிறகு பெங்களூருவில் வேலை செய்யும் என் பழைய மாணவி ஒருத்தி போனில் எனக்குப் பாடம் நடத்தினாள். நானும் படித்தேன். படித்ததையும் எனக்குத் தோன்றியதையும் சொல்கிறேன்.

ஹார்டு டிஸ்க் என்பது உள்ளே சுழலும் தட்டு. காந்தப் பூச்சு பூசியது. பழைய லேப்டாப்களில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று. அறுபதால் வகுத்தால் நொடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்குச் சுமார் 11 மில்லி நொடி. படிக்கும் முனை தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமனைப் பத்தாயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு வரும், ஏறக்குறைய அந்த இடைவெளி. அதற்குள் ஒரு தூசி போனால் அது பாறாங்கல்.

தட்டு சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிந்திருக்கும். செக்டார் என்பார்கள். ஒரு செக்டார் கெட்டுப்போய்ப் படிக்க முடியவில்லை என்றால் டிஸ்க் உடனே கைவிடாது. அடுத்த சுற்றில் அதே இடம் வரும்வரை காத்திருந்து திரும்பப் படிக்கும். மறுபடி, மறுபடி. நூறு முறை முயன்றால் ஒரு நொடிக்கு மேல் போய்விடும். அதன் பிறகு விண்டோஸும் தன் பங்குக்குத் திரும்பக் கேட்கும். இப்படி ஐம்பது செக்டார் கெட்டிருந்தால்?

நாம் ஸ்லோ என்று திட்டுகிற அந்த நேரத்தில் பாவம், அந்த டிஸ்க் நம் பைலைக் காப்பாற்றப் போராடிக்கொண்டிருக்கிறது. மூச்சு வாங்குகிற மனிதரைப் பார்த்து "என்ன இவ்வளவு மெதுவா நடக்கிறீங்க" என்று கேட்கிற மாதிரிதான் நாம் கேட்கிறோம்.

சரி, பார்மட் அடித்ததும் ஏன் புதுசு மாதிரி ஓடியது? இதுதான் எனக்கு உறைத்த இடம். படிக்க முடியாத செக்டாரை டிஸ்க் "சந்தேகம்" என்று குறித்து வைத்திருக்கும். அதில் என்ன இருந்தது என்று தெரியாததால் தானாகத் தூக்கிப் போடாது. அந்த இடத்தில் புதிதாக எதையாவது எழுதினால் அதற்கு விடுதலை. பழையது இனி வேண்டாம் என்று புரிந்துகொண்டு, அந்தக் கட்டம் உண்மையிலேயே கெட்டிருந்தால் ஒதுக்கிவிட்டு, கூடுதலாக வைத்திருக்கும் உபரிக் கட்டத்தைப் பயன்படுத்திக்கொள்ளும். ஆக, மேலே புதிதாக எழுத எழுத டிஸ்க் சுகமானது போலத் தெரியும். நோய் அப்படியே இருக்கும், போனது நம் பைல்தான். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டு உடம்பைக் குளிர வைத்துவிட்டு, உள்ளே இருக்கும் கட்டியைப் பார்க்காமல் அனுப்புகிற வைத்தியம்.

அதனால் என் கருத்து இதுதான்: லேப்டாப் மெதுவாகிவிட்டது என்றால் முதல் வேலை நாடி பார்ப்பது. டிஸ்க்கில் சந்தேகம் என்று தெரிந்தால் அடுத்த வேலை நகல் எடுப்பது. பார்மட் என்ற சொல் அதற்குப் பிறகுதான் வாயில் வர வேண்டும்.

நாடி பார்ப்பது எப்படி? ஒரு ரூபாய் செலவில்லை.

1. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள். மெமரி 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் குறை ரேமில். 2 ஜிபி ரேம் வைத்துக்கொண்டு இன்றைய பிரவுசரில் பத்து டேப் திறந்தால் எந்த லேப்டாப்பும் தள்ளாடும். டிஸ்க் மேல் பழி போடாதீர்கள்.

2. டிஸ்க் 100 சதவீதம் காட்டுகிறதா? பக்கத்தில் வேகத்தையும் பாருங்கள். நொடிக்குப் பத்து இருபது எம்பி ஓடுகிறது என்றால் அது வேலை செய்கிறது. அப்டேட் நடக்கலாம், ஆன்டிவைரஸ் சோதிக்கலாம். அரை மணி விட்டுப் பாருங்கள். ஆனால் 100 சதவீதம் காட்டிக்கொண்டு வேகம் மட்டும் சில கேபி என்று இருந்தால், பதில் தரும் நேரம் ஆயிரக்கணக்கான மில்லி நொடி என்று இருந்தால், டிஸ்க் மூச்சு வாங்குகிறது.

3. காதை வைத்துக் கேளுங்கள். ஒரே சீரான மெல்லிய இரைச்சல் இயல்பு. டிக், டிக் என்று தாளம் போட்டால் ஆபத்து. அந்த நிமிடமே அணைத்துவிடுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு முறை ஆன் செய்வதும் சூதாட்டம்.

4. ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிறது. ஸ்மார்ட் என்று பெயர். அதைப் படிக்க கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் மோசம். அரசு லேப்டாப்பில் வந்த பாஸ் லினக்ஸ் போன்ற லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ஸ்மார்ட்மான்டூல்ஸ் கொண்டு இதே கணக்கைப் பார்க்கலாம். மூன்று வரிகள் முக்கியம்: 05 என்பது ஒதுக்கப்பட்ட செக்டார், சி5 என்பது சந்தேகத்தில் இருப்பவை, சி6 என்பது படிக்கவே முடியாதவை. இந்த மூன்றிலும் கடைசிப் பத்தியில் பூஜ்யம் இருக்க வேண்டும். பூஜ்யம் இல்லையென்றால் நகல் எடுக்கத் தொடங்குங்கள். சி7 மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் டிஸ்க் பிழை இல்லை, இணைப்பு சரியில்லை.

ஒரு எச்சரிக்கை. நீலம் காட்டினால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைக்காதீர்கள். 2007-ல் கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்டு டிஸ்க்குகளைக் கவனித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கு மேல், முக்கியமான நான்கு ஸ்மார்ட் குறிகளில் எந்த முன்னறிவிப்பும் தராமலே செத்திருந்தன. அதே கட்டுரை இன்னொன்றும் சொல்கிறது: டிஸ்க் தன்னைத் தானே சோதிக்கும்போது முதல் பிழை தெரிந்துவிட்டால், அடுத்த 60 நாளில் அது சாகும் வாய்ப்பு, பிழை இல்லாத டிஸ்க்கைவிட 39 மடங்கு. ஆக, மஞ்சள் வந்தால் நம்புங்கள். நீலத்தை முழுக்க நம்பாதீர்கள்.

டிஸ்க்கில் சந்தேகம் வந்துவிட்டால் செய்யக் கூடாதவை: செக் டிஸ்க் ஓட்டாதீர்கள். டிஃப்ராக் செய்யாதீர்கள். வைரஸ் ஸ்கேன் போடாதீர்கள். இவை எல்லாம் முழு டிஸ்க்கையும் உருட்டிப் புரட்டும். மூச்சு வாங்குகிறவரை மலை ஏற்றிப் பரிசோதிப்பது போல. டிஸ்க்கைத் திறந்து பார்க்கிறேன், பிரிட்ஜில் வைத்து எடுக்கிறேன் என்ற யூடியூப் வித்தைகளும் வேண்டாம்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். வேறொரு டிஸ்க்கில், உயிருக்கு முக்கியமானதை முதலில் நகல் எடுப்பது. சினிமாப் படம் அப்புறம்.

இது ஏட்டுப் பாடம் இல்லை. போன ஆண்டு ஆடி மாதம் திண்டிவனத்தில் என் தங்கை மகள் போன் செய்தாள். "மாமா, லேப்டாப் தொங்குது, நாளைக்குக் கடையில கொடுக்கப் போறேன்." எம்.ஃபில் ஆய்வுக்காக இரண்டு வருஷம் ஊர் ஊராகப் போய் எடுத்த பேட்டிகள் அதில் இருந்தன. இந்த முறை சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்தேன். "அணைச்சு வைம்மா, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மஞ்சள் காட்டியது. சி5 வரியில் பூஜ்யம் இல்லை. புதிதாக ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கி வரச் சொன்னேன். பேட்டி போல்டரை முதலில் இழுத்தோம். இரண்டு இடத்தில் நின்றுவிட்டது. அந்த இரண்டு பைலையும் விட்டுவிட்டு மற்றதை எடுத்தோம். ராத்திரி பதினொரு மணி ஆனது. கடைசியாக அந்த இரண்டையும் முயன்றோம். ஒன்று வந்தது, ஒன்று வரவில்லை. பரவாயில்லை, அந்த ஒருவரைத் திரும்பப் பேட்டி எடுக்கலாம், திண்டிவனத்திலேயே இருக்கிறார். பிறகு பழைய டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போட்டார்கள். இப்போது அதே லேப்டாப் அரை நிமிடத்தில் ஆன் ஆகிறது.

இரண்டு கதைக்கும் உள்ள வித்தியாசம் அறிவோ பணமோ இல்லை. வரிசை. எதை முதலில் செய்தோம் என்பதுதான்.

இதற்கு நீங்கள் சொல்லப் போகும் பதில்கள் எனக்குத் தெரியும்.

"சார், இப்ப யாரு ஹார்டு டிஸ்க் வச்சிருக்காங்க, எல்லாம் எஸ்.எஸ்.டி." உண்மை. அதில் சுழலும் தட்டு இல்லை, சத்தமும் இல்லை. ஆனால் சாகும்போது டிக் டிக் என்றுகூடச் சொல்லாது. நேற்று ஓடியது, இன்று இல்லை என்று போகும். எஸ்.எஸ்.டி.யில் அழிந்ததை மீட்பது இன்னும் கஷ்டம். அழித்த இடத்தை அது தானே துடைத்து வைத்துக்கொள்ளும்.

"கூகுள்ல இருக்கு சார்." எல்லாம் இருக்கிறதா என்று திறந்து பார்த்தீர்களா? இலவசம் 15 ஜிபிதான், அதையும் உங்கள் மெயிலும் போட்டோவும் பங்கு போட்டுக்கொள்கின்றன. நிறைந்த பிறகு புதுப் போட்டோ மேலே ஏறாது. வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்திருக்கிறேன் என்பீர்கள். சாதாரணமாக அனுப்பினால் படத்தை அது சுருக்கித்தான் அனுப்பும்.

"வேலை கெட்ட வேலை சார், புது லேப்டாப் வாங்கிடலாம்." வாங்குங்கள். பழையதில் இருந்த அம்மாவை எந்தக் கடையில் வாங்குவீர்கள்?

இனி, சர்வீஸ் கடை வைத்திருக்கும் என் பிள்ளைகளுக்கு. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நீங்கள் ஐந்தாறு பேர் இருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வருகிறவர் "அரை மணியில தாப்பா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்கிறார். நகல் எடுக்க மூன்று மணி நேரம் ஆகும், அதற்குத் தனிக் காசு கேட்டால் முகம் சுளிக்கிறார். பார்மட்டுக்கு உடனே கூலி கிடைக்கிறது. உங்கள் நிலைமை புரிகிறது.

ஆனாலும் ஒரு விண்ணப்பம். "டேட்டா வேணுமா?" என்று கேட்காதீர்கள். அந்தச் சொல் நம் அப்பா அம்மாவுக்குப் புரியாது. "உள்ள போட்டோ, வீடியோ, பிள்ளைங்க படிப்பு ஏதாவது இருக்கா? அது வேற எங்கயாவது இருக்கா?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் பிள்ளைகளுக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள். டி டிரைவ் பத்திரம் என்று மட்டும் சொல்லி விடாதீர்கள், சாகப்போகும் டிஸ்க்கில் எந்த டிரைவும் பத்திரமில்லை. பார்மட்டுக்கு முன் ஸ்மார்ட் பார்க்க இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்கு ஐம்பது ரூபாய் கூடுதலாக வாங்குங்கள், தப்பே இல்லை. நகல் எடுக்க நியாயமான கூலி கேளுங்கள். கொடுக்கச் சொல்லி நான் மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

ஊரை விட்டு வேலைக்குப் போன பிள்ளைகளே, உங்கள் பழைய லேப்டாப் அப்பா வீட்டு பீரோ மேல் இருக்கிறது. எடுத்துப் பத்து வருஷம் ஆகியிருக்கும். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே மறந்திருக்கும். அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கோடு வாருங்கள். வேண்டியதை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று வீட்டில். புயல் வந்தாலும் இரண்டு ஊரும் ஒரே நாளில் மூழ்காது. நகல் எடுத்த பிறகு ஒன்றிரண்டைத் திறந்தும் பாருங்கள். திறக்காத நகல் நகலே இல்லை.

சுழற்சி இயக்கம் நடத்தினேன். காந்தப்புலம் நடத்தினேன். நொடிக்கு எத்தனை சுற்று என்று கணக்கும் போடச் சொன்னேன். உங்கள் மேசை மேல் அந்தக் கணக்கு சுழன்றுகொண்டிருக்கிறது, ஒரு நாள் அது நிற்கும் என்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். விட்டுப்போன பாடத்தை இன்று முடித்துவிட்டேன்.

அந்த மாணவர் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்தார். செத்துப்போன அந்த டிஸ்க்கை இன்னும் துணியில் சுற்றி வைத்திருக்கிறாராம். சென்னையில் டிஸ்க்கைத் திறந்து மீட்டுத் தரும் இடங்கள் இருக்கின்றன. செலவு பல ஆயிரம், மேலே எழுதப்பட்டுவிட்டதால் வீடியோ வரும் என்ற உறுதியும் இல்லை. "காசு சேர்த்துட்டு ஒரு தடவை காட்டிப் பாக்கலாம் சார்" என்றார். அந்தச் செலவில் பாதி என்னுடையது என்று சொல்லியிருக்கிறேன். மறுத்தார். ஆசிரியர் சொன்னால் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

காணைப் பக்கம் வருகிறவர்கள் பழைய லேப்டாப்பையும் எடுத்து வாருங்கள். டீ போட்டுத் தருகிறேன், நாடியும் பார்த்துச் சொல்கிறேன். பார்மட் மட்டும் அடிக்க மாட்டேன்.

உங்கள் இயற்பியல் ஆசிரியர்,
காணை.